பட்டியலில் இல்லாத வாடை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் மூச்சும் பேச்சுமாக நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து வரச் சொன்னால் மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுவார், டிவி முன்னால் போய் உட்கார எழுந்திருக்கும்போது ஒரு சத்தமும் கிடையாது. தம்பி கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாவது தடவையும் கோட்டை விட்டுவிட்டான். பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சொன்னால் நேரே போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறானாம். அவனிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, ஏற்கெனவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பாதிப் பேச்சில் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். சரி, வைத்துக்கொள். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின் பூஜ்ஜியம்னு சொன்னா பூஜ்ஜியம்தாம்மா, காய்ச்சலுக்கு அப்புறம் உனக்கு மூக்கு போயிருக்கும், வீம்பு பண்ணாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா என்றாய். பெற்ற அம்மாவிடம் சொல்கிற பேச்சா அது? நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஆறவே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் தேடிக்கொண்டிருக்காதே: நான் கையெழுத்துப் போடவில்லை. என்ன நடந்தது என்று முழுதாகக் கேள், பிறகு உன் படிப்பை என்னிடம் காட்டு.

நான் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போவது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்கிறேன் என்று ஒரு தடவையாவது நீ கேட்டதில்லை. தேய்ந்துபோன பிளாஸ்டிக் டப்பா, கேன் எல்லாவற்றையும் கழுவி உருக்கிக் குடிதண்ணீர்க் குழாயாக வார்க்கிறார்கள். அந்தக் குழாயில் மூன்று நாள் நின்ற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி மூடி வைத்துத் தருவார்கள், முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதே தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு மெஷினும் தனியாகப் பார்த்துச் சொல்லும். ஆறு பேர் இருக்கிறோம், ஆளுக்கொரு தடுப்பறை, பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காப்பி கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, நான் போகிற நாளில் அப்பாவுடைய தலை எண்ணெய்க்கும் வீட்டில் தடை. மனுஷனுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறதுக்கு வேலையே குடுத்துட்டாங்க பாரு என்று சிரிப்பார். சிரிக்கட்டும். இருபத்தாறு வருஷம் சலவைக் கடைக் கவுண்டரில் நின்றவள் நான். மூட்டையைப் பிரிக்கும்போதே இது எண்ணெய்க் கறை, இது மருந்து, இது ஈரத்தோடு பெட்டியில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன், ஒரு நாளும் துணி மாறிப் போனதில்லை. பேருக்கு முன்னால் உன்னைப் போல டாக்டர் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை நான்காம் டம்ளரின் மூடியைத் திறந்தேன், வாடை முகத்தில் அடித்தது. ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன மழைக்கோட்டை உதறினால் எப்படி இருக்கும், அச்சு அசல் அதே. தாளில் சைபரிலிருந்து நாலு வரைக்கும் எண் போட வேண்டும், பக்கத்தில் அச்சடித்த பன்னிரண்டு வார்த்தையில் ஒன்றை வட்டமிட வேண்டும். மண், பூஞ்சை, மருந்து, ரப்பர், மீன், இப்படிப் போகும். மழைக்கோட்டுக்குக் கிட்ட வருகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. நான் மூன்று என்று போட்டு, ஓரத்தில் ‘ஈரத்தோடு மடித்த மழைக்கோட்டு’ என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் போனால் பலகையில் முடிவு ஒட்டியிருக்கிறது, நான்காம் டம்ளருக்கு ஆறு பேரும் பூஜ்ஜியமாம். என் பூஜ்ஜியத்தை யார் போட்டது என்று கேட்டேன். பட்டியலில் உள்ள வார்த்தையை வட்டமிடாவிட்டால் கணினி அதைச் சைபராகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று சாவகாசமாகப் பதில் வந்தது. எனக்கு வந்ததே கோபம்! வார்த்தை இல்லையென்றால் வாடையே இல்லை என்று ஆகிவிடுமா? அப்படியென்றால் பேர் வைக்காத பிள்ளை பிறக்கவே இல்லையா?

எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு அம்மாள், கையில் எப்போதும் நிறுத்துக் கடிகாரம் இருக்கும், நாங்கள் அவளை ஸ்டாப்வாட்ச் என்றுதான் சொல்வோம். என் மூன்றை மூன்றாகவே எழுதச் சொல்லி அவளிடம் போய் நின்றேன், அவளும் உன்னைப் போலவே பேசினாள். மற்ற ஐவரும் பூஜ்ஜியம், மெஷினும் பூஜ்ஜியம், உங்களுக்கு அதுக்கு முந்தின மாசம்தான காய்ச்சல் என்றாள். ஒரு தாளை நீட்டினாள். காய்ச்சலுக்குப் பிறகு என் முகரும் திறன் நம்பத்தக்கதல்ல என்று நானே ஒப்புக்கொள்கிறதாக அச்சடித்திருந்தது. போட்டுவிட்டால் என் தாளைக் கழித்துவிட்டு, குழாயில் வாடையே இல்லை என்று சொல்கிற ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பிவிடலாமாம். யோசிக்கிறேன் என்று வாங்கி வந்தேன். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். உனக்கு ஏன் செய்தேன் தெரியுமா? அந்த மாதிரி மெஷின் எதையெல்லாம் தேட வேண்டும் என்று பெயர்ப் பட்டியல் எழுதுகிற வேலை உன்னுடையது, என் மகளுக்கு இது புரியும், அம்மா சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன். நன்றாக மூக்கறுபட்டேன், போ.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் எங்கள் குழுவில் இருக்கிற தையல்காரம்மா நின்றாள். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்காமல், நாலாம் டம்ளர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். ஏதோ இருந்துச்சுக்கா, ஆனா லிஸ்ட்ல அது இல்லையே, எதுக்கு வம்புன்னு சைபர் போட்டுட்டேன் என்றாள். அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே நேராக அந்தக் குழாய்ப் பெண்ணிடம் போனேன். மூன்று வருஷமாக இந்தக் குழாயே கதி என்று கிடக்கிற ஆராய்ச்சிக்காரி, உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். பட்டியல் இல்லாமல் வெறும் தாளைக் கொடுத்து இன்னொரு தடவை முகரச் சொல்லு, அதிலும் எல்லாரும் பூஜ்ஜியம் போட்டால் உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் இன்னொரு நகத்தையும் கடித்தாள். பிறகு சரி என்றாள். அந்தச் சரியைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நீ யோசித்துப் பார்.

வெறும் தாள், எட்டு டம்ளர், எதில் எந்தத் தண்ணீர் என்று ஊற்றிக் கொடுத்தவளுக்கே தெரியாது. ஆறு பேரில் நாலு பேர் அதே இரண்டு டம்ளரில் வாடை என்று எழுதியிருந்தோம். தையல்காரம்மா நனைந்த தார்ப்பாய் என்று எழுதியிருக்கிறாள், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த பெரியவர் மழைநாள் ரயில்பெட்டியின் சீட் என்று எழுதியிருக்கிறார், இன்னொருத்தர் தண்ணீரில் ஊறின பொம்மை என்று. நான் மழைக்கோட்டு. அந்த இரண்டிலும் குழாய்த் தண்ணீர்தான் இருந்தது, மற்ற ஆறிலும் கண்ணாடிப் புட்டித் தண்ணீர். இதற்கு ஸ்டாப்வாட்ச் என்ன சொன்னாள் தெரியுமா? நாலு பேரும் நாலு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், நாலையும் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது என்றாள். நாலு வீட்டுப் பெண்கள் ஒரே குழம்பு தீய்ந்துவிட்டது என்று நாலு விதமாகச் சொன்னால் குழம்பு தீயவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். டிக்கெட் பெரியவர் சிரித்தே விட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

குழாய்ப் பெண் தானாகவே போய் மெஷினைத் திரும்ப ஓட்டியிருக்கிறாள். இந்தத் தடவை பட்டியலில் உள்ளதை மட்டும் தேடாமல், இருப்பதை எல்லாம் காட்டச் சொல்லி. வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினாள். ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு, பக்கத்தில் ‘தெரியாதது’ என்று இருந்தது. மெஷின்கிட்ட அது இருக்குதுங்கம்மா, பேரு இல்லாததால இத்தனை நாளாச் சொல்லல, அவ்வளவுதான் என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். மூன்று வருஷ வேலை இல்லையா. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், ஆனால் என் மூன்றை இரண்டாக்கிக் கொள்கிறேன் என்று அப்போதும் சொல்லவில்லை. இது விஷம் என்று நான் சொல்கிறேனா? இல்லை. வாடை என்றுதான் சொல்கிறேன். நாளைக்கு இந்தக் குழாய் வீடு வீடாகப் போகும். தண்ணீரில் வாடை வந்தால் எந்த வீட்டிலும் குழாயைச் சந்தேகப்பட மாட்டார்கள். தொட்டியை நீ சரியாகக் கழுவவில்லை என்று அந்த வீட்டுப் பெண்ணைத்தான் சொல்வார்கள். அவளும் நம்பிக்கொண்டு முழங்கால் தேயத் தேயத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். அதற்கு நான் கையெழுத்துப் போடுவதா? போடி.

நேற்று கூடத்து மேலதிகாரிகள் மூன்று பேர் குழுவாக உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, திறக்காத தண்ணீர்ப் பாட்டில்கள், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வேறு. பேர் இல்லாத மேடு கணக்கில் வராது, இன்றைக்கே தாளில் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் தகுதியில்லை என்று நாங்களே உங்களை நீக்க வேண்டியிருக்கும் என்றார் நடுவில் இருந்தவர். குழாய்ப் பெண் சுவரோரம் வெளுத்துப்போய் நின்றாள், கையில் விதிப் புத்தகம். சேரும்போது எங்களுக்கு வரிக்கு வரி படித்துக் காட்டிய புத்தகம்தான் அது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தகுதியில்லை என்று நீக்கப்பட்டவர்களின் தாள்கள் செல்லாது, தானாக விலகிக்கொண்டவர்கள் அதுவரை எழுதிய தாள்கள் செல்லும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவள் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்திருந்தாள். அவர்களுடைய பேனாவையே வாங்கி, அவர்கள் நீட்டிய தாளின் பின்பக்கத்திலேயே, இன்றோடு நானாக விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். என்னை எடுத்துடுங்க, அந்த மூணை எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கதவை அறைந்து சாத்தலாம் என்றுதான் இருந்தது, ஆனால் அது தானாக மெதுவாக மூடிக்கொள்கிற கதவு, என்ன செய்ய.

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், உன்னிடம் மறைப்பானேன், கண் கலங்கித்தான் போனது. அந்தத் தடுப்பறை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் நான் சொன்னால் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அங்கே நான் சொன்னதை எழுதி வைத்தார்கள். பின்னாலேயே அந்தப் பெண் ஓடி வந்தாள். என் தாளை ஓரத்தில் எழுதினதோடு அப்படியே கட்டுரையில் சேர்க்கப் போகிறாளாம், கட்டுரை இப்போது வராது, உருக்குவதற்கு முன்னால் கழுவுகிற முறையை முதலிலிருந்து மாற்ற வேண்டும், ஒரு வருஷம் ஆகும் என்றாள். ஆகட்டும், நல்ல குழாயாக வரட்டும் என்றேன். அப்பாவிடம் வந்து சொன்னேன், வேலையை விட்டுட்டு வந்து இப்படி நிமிந்து நிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன் என்றார், சொல்லிவிட்டு அவரே மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வந்தார், முனகாமல்.

வேறென்ன. கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. இரவில் ஈரத்தலையோடு படுக்காதே. உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, எடுத்த வேலையெல்லாம் கைகூடி, நீ நூறு வருஷம் நிமிர்ந்து நடக்க வேண்டும், அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நீ எனக்கு எழுத வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. நீ தயாரிக்கிற பட்டியலின் கடைசியில் ஒரு வரி காலியாக விட வேண்டும் என்று உன் மேலதிகாரிக்கு எழுது. எழுதியதன் நகலை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா