தேன்கனிக்கோட்டை டிக்கெட்

ஞாயிறு, இரவு.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள புத்தகக் கடைக்காரர் நான் கேட்டுக்கொண்டிருக்கும் நாவலை இன்றும் விற்கவில்லை. இருப்பது ஒரே பிரதி. ஷிப்ட் முடிந்து தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண் அதைத் தினம் கொஞ்சமாகக் கடையிலேயே நின்று படிக்கிறாளாம்.

"அந்தப் பொண்ணு முடிக்கட்டும் சார், அப்புறம் எடுத்துக்குங்க."

"இது கடையா, லைப்ரரியா?" என்றேன். அவர் எனக்கும் சேர்த்துக் காபி வரவழைத்தார். நல்ல டிகாக்‌ஷன். அதைக் குடித்த வாயால் எப்படிச் சண்டை போடுவது?

கடையிலேயே நின்று நாவலைப் பிரித்தேன். அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் வரை படித்தேன். அதைத் தாண்ட மனம் வரவில்லை. என் ஜூஜுவாடி பஸ் டிக்கெட்டையும் அதே பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

நாளை சாயங்காலம் அவள் பிரிப்பாள். இப்போது தூக்கம் வரவில்லை.