வேறு ஈற்றுப் பிள்ளை

நவம்பர் 4, செவ்வாய்

மழை. படிக்கட்டெல்லாம் சேறு. சனிக்கிழமை இவரின் முப்பத்தோராம் நாள் காரியம். வாங்க: வாழையிலை, கத்தரிக்காய், பயறு. எல்லாம் குறொன்லாண்டுத் தமிழ்க் கடையில்.

நீதிமன்றத்திலிருந்து தாள். சொத்தைப் பிரிக்காமல் இந்த அம்மருட் வீட்டிலேயே நான் இருக்கலாம், இவரின் மூத்த தாரத்து மகள் நிரோஜா சம்மதித்தால். அவள் பெயருக்குக் கீழே நோர்வேஜியத்தில்: சார்குல்ஸ்பார்ன். மொழிபெயர்ப்பு வேலையில் எத்தனையோ தடவை ‘முதல் தாரத்துப் பிள்ளை’ என்று எழுதிக் கடந்த சொல். இன்றுதான் அகராதியில் பார்த்தேன். சார்: வேறான. குல்: ஒரே தடவையில் பொரித்த குஞ்சுகள், ஒரே ஈற்றுக் குட்டிகள். பார்ன்: பிள்ளை. தொழுவத்திலிருந்து நேரே சட்டத்துக்கு.

சந்தோஷமாக இருந்தது. ஏனென்று ஆராயவில்லை.

நவம்பர் 8, சனி

ஐயர் போனார். சாப்பாடு முடிந்தது. வீடு நிறைய ஆட்கள். இவரின் தங்கை, என் மச்சாள், எல்லோர் முன்னும் நிரோஜாவிடம்: “பிள்ளை, அந்தக் கையெழுத்தைப் போட்டு விடு. சித்தி எங்கை போறது?”

“அதுக்குத்தானே அத்தை வந்தனான்.” நிரோஜா பேனாவைத் திறந்தாள்.

மச்சாள் தாளை எட்டிப் பார்த்தாள். “இதென்ன நீட்டுச் சொல்லு?”

வழக்கமாக எழுதுவதையே சொல்லியிருக்கலாம். “வேறை ஈத்துக் குட்டி. நாய், பண்டிக்குச் சொல்லுறது” என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நிரோஜாவும் சிரித்தாள். பேனாவை மூடினாள்.

“அப்ப உங்கடை ஈத்து எங்கை, சித்தி?”

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சாள் பாயாசம் எடுக்க எழும்பினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பாத்திரம் கழுவியதிலேயே பகல் போனது. மச்சாள் தொலைபேசியில்: “படிச்ச வாய்! ஒரு நிமிசம் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே.”

நிரோஜாவுக்கு ‘மன்னித்துக்கொள்’ என்று தட்டினேன். அழித்துவிட்டு, ‘உன் சால்வை இங்கே கிடக்கிறது’ என்று அனுப்பினேன். பதில்: பெருவிரல் படம்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில், கடும் குளிர். நிரோஜாவின் கையெழுத்து வரவில்லை; அவள் பங்கைக் கொடுத்து வீட்டை எடுக்க என்னால் முடியாது. விற்பனை. விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒரு நோர்வேப் பையன் வந்தான். நிரோஜா ட்வெய்ட்டாவில் தன் வீட்டிலிருந்து நேரத்துக்கே வந்து மெத்தைகளைத் தட்டி வைத்தாள்.

பையன் அவளிடம்: “உங்கள் அம்மா கொஞ்சம் விலக முடியுமா? படத்தில் விழுகிறார்.”

“அம்மா இல்லை.” சுத்தமான நோர்வேஜிய மொழியில். பிறகு என் பக்கம் திரும்பி, “சித்தி, குசினிக்குள்ளை நில்லுங்கோ.”

நின்றேன். பிறகு அந்த அடுப்படியையும் படம் எடுக்க வேண்டுமென்றான்.