தலைவருக்கு வராத பல்வலி

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 2317,
தையற்கடை மாடி, நூலகத்துக்கு எதிரே.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: மறைந்த புரட்சித் தலைவரின் புத்தகத்தில் பென்சிலால் எழுதியதாக நூலகரைப் பணியிடை நீக்கம் செய்தது, எழுதியவள் நானே என்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியதற்காக ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்த தலைவர், விடுதலையான பின் எழுதிய நூலின் சொந்தப் பிரதியை எங்கள் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு மறைந்தார். பிறகு கட்சி இரண்டாகியது. கடைசியில் அவர் ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டார் என்கிறது ஓர் அணி. இல்லவே இல்லை என்கிறது மற்றது.

2. அந்தப் பிரதியின் 118ஆம் பக்க ஓரத்தில் 'பல் வலிக்கிறது. மீதி நாளைக்கு' என்றொரு பென்சில் குறிப்பு அண்மையில் அகப்பட்டது. போராட்டத்தை ஒத்திவைக்கத் தலைவர் தம் கைப்பட எழுதிய கட்டளை இதுவே என்று முதல் அணி பதினான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டது. நூலகர் செய்த போலி என்று அடுத்த அணி தங்களிடம் புகார் கொடுத்தது. தாங்களும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

3. வலித்தது என் கடைவாய்ப் பல், ஐயா. அதை எழுதியபோது எனக்கு வயது பதினேழு. தலைவரின் பற்களோ ஒன்றுவிடாமல் சிறையிலேயே போய்விட்டன. வெளியே வந்த பிறகு ரொட்டியைக்கூட நனைத்துத்தான் தின்றார். இரண்டு அணிகளும் சண்டையின்றி ஒத்துக்கொள்ளும் ஒரே செய்தி இது. கட்டுரையும் புகாரும் எழுதிய வேகத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை போலும்.

4. நூலகருக்கு உண்மை தெரியும். இரவல் பதிவேட்டில் அந்த நூலுக்கு நேரே இருப்பது என் எண் மட்டுமே. விசாரணையில் பதிவேட்டைக் கேட்டதற்கு, "யார் எதைப் படிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. வேலையை வேணா எடுத்துக்குங்க" என்றாராம். தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே கூசுகிறவள் நான். ஆனாலும் எனக்காக அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மாடியில் என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

5. நூலில் கிறுக்கியது தவறுதான்; அபராதம் கட்டுகிறேன். ஆனால் முதல் பக்கத்தில் தலைவரே நீல மையில், 'படிப்பவர் என்னோடு சண்டை போடவும்' என்று எழுதிவைத்திருக்கிறார். நான் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த பெண்.

ஆகவே நூலகரை நாளைக் காலையே அவருடைய நாற்காலியில் அமர்த்த வேண்டுகிறேன். பல்வலியை நானே அழித்துத் தருகிறேன். 119ஆம் பக்கத்தில், 'தோழரே, உங்களை மறுத்துப் பேசுகிறவரை என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருக்கிறேன். அதை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டு அணிகளும் அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டவில்லை.

இடம்: நூலகப் படிக்கட்டு (கதவு பூட்டியிருக்கிறது)
நாள்: பூட்டிய பத்தொன்பதாம் நாள்

உண்மையுடன்,
உறுப்பினர் எண் 2317

இணைப்பு: என் பெயர் (மூடிய உறையில்), கையெழுத்து மாதிரி, பல் மருத்துவரின் பழைய சீட்டு.