நாலாவது கம்பி

அது புயல் வந்து கீரமங்கலத்துத் தென்னைகளை ஒரே வீச்சில் சாய்த்த வருடம். பந்தல் போட ஆள் கிடைக்காமல் என் இளைய மகளின் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்த வருடமும் அதுதான்.

முதலாளி, இன்று காலை உங்கள் மகன் தேங்காய் உரிக்கும் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து என் வாசலில் சாய்த்து வைத்தார். "மண்டிய வாடகைக்கு விட்டாச்சு. பழைய ஆளுக்குப் பழைய கம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். பிடித்துப் பார்த்தேன். நுனி லேசாக இடது பக்கம் வளைந்திருந்தது. என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பி மாணிக்கம் உரித்த கம்பி.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மூத்த மகள் எழுதுகிறாள்.

எட்டுப் பேர் உரித்த நம் தேங்காய் மண்டிக்கு அந்தப் புயலுக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு லோடுகூட வரவில்லை. நீங்கள் யாரையும் தனியாகக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் களத்தில் உட்காரவைத்து, நீங்களும் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்தீர்கள்.

"நாலு பேருக்குத்தான் வேலை இருக்குப்பா. லோடு பாக்குற என் தங்கச்சி மகன் மொதல்ல போறான். என் ஆளை வச்சுக்கிட்டு ஒங்களைப் போகச் சொன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு இங்க வருவேன்? மூத்த நாலு பேரு இருக்கட்டும். யாரு எப்ப வந்தாங்கன்னு முத்தையா சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினீர்கள்.

அதற்கெல்லாம் நம் மண்டியில் காகிதம் ஏது. தரம் பிரிக்கும் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "கையெழுத்துப் போடத் தெரியாது, ஊருக்கே ஜாதகம் சொல்லுவாரு." வேலை போகப்போகிறவர்களும் சிரித்தார்கள்.

என்னோடு சேர்த்து மூன்று பேரைச் சரியாகச் சொன்னேன். நாலாவது செபஸ்தியான். மண்டிக்குக் கூரை போடுவதற்கு முன்பே வந்தவர். மாணிக்கம் வந்தது கூரை போட்ட பிறகு. அவன் தலையைக் குனிந்துகொண்டு மட்டை நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"நாலாவது மாணிக்கம்" என்றேன்.

செபஸ்தியான் கொஞ்சம் யோசித்தார். "நான்தான் முந்தின்னு நெனச்சேன். அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து வேட்டியைத் தட்டினார்.

எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்தினீர்கள். "மழையில நனஞ்சுக்கிட்டு உரிச்சவன்யா அவன். எனக்கு மறக்குமா? கூட்டத்துல ஒன்னப் பொய்யனாக்குனா இனிமே இங்க யாரு சொல்லும் எடுபடாது. நீயே போயி அவன்கிட்டச் சொல்லிரு. மாணிக்கத்துக்கு வேற எடம் நான் பாக்குறேன்."

நாளைக்கு என்றேன். போகவில்லை.

லோடு கூடினால் இருக்கிற நாலு பேரும் சேர்த்து உரிக்கக் கூடாது, வீட்டில் இருப்பவர்களைத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும் என்று வைத்தீர்கள். முதல் ஆள் எப்போதும் செபஸ்தியானுக்கே போனது. வந்து என் பக்கத்திலேயே நின்று உரிப்பார். மதியம் தூக்குவாளியைத் திறந்து, "அண்ணே, கருவாட்டுக் கொழம்பு, எலைய நீட்டுங்க" என்பார். நான் இலையை நீட்டுவேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு என்னையே பார்ப்பீர்கள்.

கடைசியாகப் படுக்கையில் கேட்டீர்கள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மொதலாளி."

"அப்பச் சரி" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். அந்த இரண்டாவது பொய்யை உங்களிடம் திருப்பி வாங்க இனி வழியில்லை.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். மாணிக்கம் அவளுக்குத் தாய்மாமன். அவன் கொரோனாவில் போய்விட்டான். அவனிடமும் நான் இதைப் பேசியதில்லை, அவனும் கேட்டதில்லை.

கம்பி வாசலிலேயே சாய்ந்து நிற்கிறது. இதன் கதையைச் சொன்னால் ஆமாம் என்று தலையாட்ட இந்தத் தெருவில் ஆளில்லை. மூத்தவர் இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். போன மாசியில் நீங்கள். கூரை இல்லாத மண்டியைப் பார்த்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒருவர்தான். புதுக்கோட்டைக்குப் போய், டவுன் பஸ் பிடித்துத் திருக்கோகர்ணத்தில் இறங்கினால் தன் மகள் வீட்டில் இருப்பார்.

செபஸ்தியான்.