அக்கா எழுந்து கேட்ட கேள்வி

அக்கா,

மெழுகுவத்தி அணைந்த வாசனையும் செவ்வந்திப் பூ வாசனையும் இன்னும் என் சட்டையில் இருக்கின்றன. நேற்று கல்லறைத் திருநாள். மருமகள் காலையிலேயே சட்டையைத் துவைக்கக் கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ சிரிப்பது தெரிகிறது. எத்தனை முறை சிலேட்டை என் மடியில் வைத்திருப்பாய். "குதிரைக்குத் தெரியாதது எனக்கு எதுக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போவேன். நீ போன பிறகுதான் கோயிலுக்குப் பக்கத்தில் முதியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். வகுப்பிலேயே மூத்தவன் நான். பாடம் சொல்லும் டீச்சரின் தாத்தாவை நான் ஜட்காவில் ஏற்றிப் போயிருக்கிறேன். ஒரு வரி எழுதி முடிக்க ஒரு தடவை வெற்றிலை போடுகிற நேரம் ஆகிறது. ஆகட்டும். உனக்கும் இப்போது டியூட்டி இல்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் எனக்கு நேர்ந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வருடம் தவறாமல் போகிற இடம். அங்கே கல்லெல்லாம் எனக்கு வெறும் கல்தான். நேற்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே நடந்தேன். கால் வலித்தால் நான் உட்காருகிற பெரிய கல் ஒன்று உண்டே, யாரோ வெள்ளைக்கார அதிகாரியுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், சவரிமுத்து, ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். திடுக்கென்று எழுந்து நின்றேன். பிறகு, நம்ம ஆள்தானே என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

உன் கல்லுக்கு வந்தபோது நேரம் எடுத்துக்கொண்டேன். அக்கா என்று கூப்பிட்டே வாழ்ந்துவிட்டேன். உன் பெயரை என் வாயால் சொன்னதே இல்லை. நேற்றுதான் முதல்முறையாக வாய்விட்டுப் படித்தேன். மரியாதைக் குறைவாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

நம் தம்பிக்குக் கல் கிடையாது. படிக்க அவனுக்குப் பெயரும் கிடையாது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தக் கன்னட ஊரில், முஸ்லிம்கள் நிறைந்த மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால், தமிழர்களின் வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா ரயில் நிலையத்து வாசலில் ஜட்கா ஓட்டினார். உனக்குப் பதினாறு, எனக்குப் பதிமூன்று. கன்னியாஸ்திரீகள் உன்னைச் சம்பளமில்லாமல் படிக்க வைத்தார்கள். நான் குதிரைக்குப் புல் சுமந்தேன். ஆனால் கோயிலுக்குள் நுழைந்துவிட்டால் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. அப்போது பூசை இலத்தீனில். சாமியார் ஒன்று சொன்னால் பீடத்தருகே நிற்கிற நான் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று கணீரென்று பதில் சொல்வேன். பொருள் எனக்கும் தெரியாது, கேட்கிற கடைக்காரருக்கும் தெரியாது, கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது. "அந்த ஒரு மணி நேரம் ஊரே உன்னை மாதிரி ஆயிடுதுடா" என்பாய் நீ.

நீ ஞானோபதேசத்தில் முதல் பரிசு வாங்கியவள். பரிசாகக் கிடைத்த மாதா படம் நம் வீட்டுச் சுவரில் தொங்கியது. கேள்வியும் பதிலுமாக அந்தப் பாடம் முழுவதையும் நீ அடுப்பு ஊதிக்கொண்டே பாட்டாகப் பாடுவாய். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்? சாமியார் இல்லாத அவசரத்தில் எவரும் கொடுக்கலாம். எப்படி? தலையில் தண்ணீர் ஊற்றி, இன்ன வார்த்தை சொல்லி. கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம், இலத்தீன் மாதிரியே.

அம்மாவுக்கு அந்த முறை எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. அப்பா விடியற்காலை ரயிலுக்குப் போயிருந்தார். பக்கத்துத் தெரு மருத்துவச்சி பீபியம்மா வந்தாள். பிறந்த குழந்தையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. உங்கள் பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் ஓடினேன். சாமியார் பாலாற்றுப் பக்கத்துக் காட்டுக் கிராமங்களுக்குப் போயிருந்தார். திரும்ப நான்கு நாளாகும். நமக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த உபதேசியார்தான் இருந்தார். பாவம், அந்த வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார்.

நாங்கள் உள்ளே வந்தபோது குழந்தை உன் மடியில் இருந்தது. உன் தாவணியில் சுற்றியிருந்தாய். மூச்சு நின்றிருந்தது. உன் முழங்காலை ஒட்டி, குழந்தையைத் துடைக்க பீபியம்மா கொண்டுவந்து வைத்த செம்பு நிறையத் தண்ணீர்.

உபதேசியார் மெதுவாகத்தான் கேட்டார். "தண்ணி ஊத்தினீங்களா?"

அவர் உன்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமேம்மா."

நீ செம்பைப் பார்த்தாய். அப்போதுதான் அது உன் கண்ணில் பட்டது போலப் பார்த்தாய். பாடமாகப் பாடினது நம் வீட்டுச் செம்பைப் பற்றித்தான் என்று அந்த நிமிடம் வரை உனக்குத் தோன்றியிருக்கவில்லை. பதினாறு வயதுப் பெண், கையில் தம்பி மூச்சுக்குத் திணறுகிறான். யாருக்குத்தான் பாடம் ஞாபகம் வரும்?

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் அப்போது இடம் இல்லை. அப்பா பலகைப்பெட்டி ஒன்று அடித்தார். ஜட்காவில் அப்பா, நீ, நான் மூன்று பேரும் போனோம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, புங்க மரத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்தோம். உபதேசியார் கூடவே வந்தார். செபப் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அடுப்படியில் உன் பாட்டு நின்றுவிட்டது. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் கேட்பாய். "ஒரு செம்புத் தண்ணி ஊத்தலன்னு பச்சப்புள்ளய வெளிய நிறுத்துவாராடா?"

"வெளிய வெச்சது சாமியாருங்கக்கா. கடவுள் இல்ல."

"அப்ப கடவுள் உள்ள கூப்பிட வேண்டியதுதானே. அது யார் வீடு?"

எனக்குப் பயமாக இருந்தது. குழாயடியில் நிற்பவர்கள் காதில் விழுந்துவிடுமே என்று கன்னடத்தில் பேசச் சொன்னேன். அங்கே எல்லோருக்கும் கன்னடமும் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு, அந்த வருத்தத்திலும், சிரித்துவிட்டாய்.

மறுவருடம், வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்யும் உறுதிபூசுதல் சடங்கு வந்தது. நம் மேற்றிராணியாருக்கு உடல்நலம் இல்லை என்று வேறு ஊர் பிஷப் ஒருவர் வந்திருந்தார். மேற்றிராணியாரை ஆண்டவர் என்றுதான் கூப்பிடுவோம். நெற்றியில் எண்ணெய் பூசுமுன் அவர் பிள்ளைகளை எழுப்பிப் பாடம் கேட்பார். யாரை எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று உபதேசியார் முன்பே ஏற்பாடு செய்து வைப்பார். உனக்கு அவர் வேண்டுமென்றே எளிய கேள்வியாக ஒதுக்கியிருந்தார். அம்மா மட்டும் முந்தின நாள் முழுவதும் உன் பின்னாலேயே திரிந்தாள். "நாலு பேர் முன்னாடி வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. உனக்கு எண்ணெ பூசியாச்சுன்னா எனக்கு அது போதும்." மகனை வெளியே விட்டவள், மகளும் வெளியே போய்விடுவாளோ என்று நடுங்கினாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

எண்ணெய் பூசிய விரலை ஆண்டவர் துடைத்துக்கொள்ள எலுமிச்சைத் துண்டும் ரொட்டித் துணுக்கும் வைத்த தட்டை ஏந்தி நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். அதனால் உன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

உலகத்தைப் படைத்தவர் யார் என்று உன்னைக் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கான கேள்வி. நீ எழுந்து நின்றாய்.

"ஆண்டவரே, எனக்கு வேற ஒரு பாடம் நல்லாத் தெரியும். அதச் சொல்றேன்."

சொன்னாய். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம், எந்த வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகவில்லை. பாட்டாக இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய். முடித்துவிட்டுக் கேட்டாய். "இது எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு. கைதான் வரல. என் தம்பி இப்ப எங்க இருக்கான்?"

உபதேசியார் எழுந்தார். ஆண்டவர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். உன்னையே பார்த்தார். என் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சைத் துண்டு கீழே விழுந்தது.

"படிச்ச பதில் ஒண்ணு இருக்கு" என்றார். "சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. வேற பதில் எங்கிட்ட இல்ல மகளே."

"அப்ப எண்ணெ இப்ப வேண்டாம் ஆண்டவரே."

வணக்கமாகத்தான் சொன்னாய். சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். மற்றவர்கள் வரிசையாகப் போனபோது நீ மட்டும் பெஞ்சில் இருந்தாய். எனக்கும் அன்றைக்குத்தான் உறுதிபூசுதல். என் முறை வந்ததும் தட்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு முழங்காலில் நின்றேன். ஆண்டவர் சடங்குப்படி என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். அவர் கை நடுங்கியது, அக்கா. இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். நீ "ஹௌதா?", அப்படியா, என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாய்.

அம்மா உன்னோடு பேச மழைக்காலம் வர வேண்டியிருந்தது. தெருவில் என்னென்னவோ சொன்னார்கள். படிக்க வைத்ததன் பலன் என்றார்கள். ஒருவன் ஜட்காவில் ஏறிக்கொண்டே அப்பாவிடம் அதைச் சொன்னான். "அதுக்குத்தான் பையனப் படிக்க வெக்கல" என்று அப்பா பதில் சொல்லிவிட்டு, அவனை வளைத்து வளைத்துச் சுற்றிக் கொண்டுபோய் இறக்கினாராம். வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீ நர்ஸ் வேலைக்குப் படித்தாய். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கேட்டு வாங்கினாய். டியூட்டி முடிந்து காலையில் உன்னை ஏற்றிக்கொண்டு வருவது, அப்பாவுக்குப் பிறகு, என் வேலை. ஒருநாள் பாதித் தூரம் வந்ததும் சொன்னாய். சாமராஜநகர் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்ணாம், குறைமாதக் குழந்தையாம். சாமியாருக்கு ஆள் அனுப்பினால் நேரமாகிவிடும். அந்தத் தாய் உன் கையைப் பிடித்தாளாம்.

"ஊத்தினியாக்கா?"

"ஊத்தினேன்."

"வார்த்த சொன்னியா?"

"முழுசும்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நம்பிச் சொன்னியா?"

"அந்தம்மா நம்பினா. அவ கையில தெம்பு இல்ல. என் கையக் குடுத்தேன்." கொஞ்ச தூரம் போனதும் நீயே சொன்னாய். "இந்தத் தடவ கை வந்திச்சுடா."

குதிரை தானாகத்தான் வீட்டுக்கு நடந்தது. எனக்குப் பாதை தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அப்படிக் கையைக் கொடுத்தாய் என்று நான் கேட்டதில்லை. மண்டி மொஹல்லாக்காரப் பெரியவர் ஒருவரை, டாக்டரோடு சண்டை போட்டு வார்டுக்குள் அழைத்துக்கொண்டுபோய், சாகிற பேரனின் காதில் தொழுகை அழைப்பைச் சொல்ல வைத்ததை ஊரே பேசியது. குலதெய்வத்து விபூதி கேட்டவளுக்கு அதையும் வாங்கிவந்து பூசினாய். கிறிஸ்மஸுக்கும் கல்யாணங்களுக்கும் கோயிலுக்கு வருவாய், கடைசி பெஞ்சில் உட்காருவாய், பாட்டை மட்டும் எல்லோரையும்விட உரக்கப் பாடுவாய். நற்கருணைக்கு எழுந்து போகமாட்டாய். நான் போய்விட்டுத் திரும்பும்போது கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாய்.

பிறகு கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சேலத்திலிருந்து வந்த கொத்தனார்கள். நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் இருவரும் நின்று பார்த்தோம். புங்க மரத்தையும் தாண்டி நூல் போனது. தம்பி உள்ளே வந்துவிட்டான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆண்டவரால ஆகாதத மேஸ்திரி முடிச்சிட்டார்" என்று நீ சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாய். அவர்கள் எல்லோருக்கும் பால் போட்ட காபி வாங்கிக் கொடுத்தாய். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் சுவர் நகர்ந்ததால் உன் கேள்வி தீர்ந்துவிடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நீ அதைச் சொன்னாய். "செவுரு இடம் மாறிச்சு. அவர் ஒண்ணும் சொல்லலையே." கடைசி வரை நீ கடவுளை இல்லை என்று சொன்னதும் இல்லை, சரி என்று விட்டதும் இல்லை. உன்னை உள்ளே வைத்தபோது இப்போதைய சாமியார் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. காலம் மாறிவிட்டது.

நான் விசுவாசித்துத்தான் வாழ்ந்தேன், அக்கா. இன்றும் அப்படித்தான். இப்போது பூசையெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் நடக்கிறது. சொல்வது என்னவென்று புரிகிறது. விசுவாசப் பிரமாணம் வரும்போது எல்லோரும் எழுந்து சொல்வோம். நானும் ஒரு சொல் விடாமல் சொல்கிறேன். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். நான் மட்டும் உட்காருவதில்லை. பாடத்தைச் சொல்லி முடித்துவிட்டு, கேட்க இன்னும் ஒன்று பாக்கியிருக்கிற பிள்ளை மாதிரி, ஒரு மூச்சு நேரம் நின்றுகொண்டே இருப்பேன். நீ போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான். பக்கத்தில் இருப்பவர்கள் கிழவருக்கு முட்டி மடங்கவில்லை என்று நினைத்து, கையைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள்.