அதோ, எங்க வீட்டுக்காரர்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

ஏரிக்கு அந்தாண்ட குப்பத்துல நாடகம். வழக்கம்போல மாசிலாமணி படகுலதான் போனோம். எனக்கு வாயாடிப் பொண்டாட்டி வேஷம். எங்க நாடகத்துல காதல்னா கதாநாயகியா நடிக்கிற திரௌபதிக்கு மூணு பாட்டு, எனக்கு ஒரு தொடப்பக்கட்ட.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரு, தூங்கறப்ப மட்டும். யாருன்னு கேக்கறீங்களா? அதோ!"ன்னு முன்னால உக்காந்திருந்த மாசிலாமணியக் காட்டினேன். அஞ்சு வருஷமா இதே வசனம், இதே ஆளு. அவர் தலையக் குனிய, சனம் சிரிக்க. சம்சாரம் செத்து ஆறு வருஷம் ஆன மனுசன். வெக்கம் மட்டும் புது மாப்பிள்ளைக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னைக்கு மாசிலாமணி இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையில வந்து படகு தள்ளினார். "இன்னா படகுக்காரரே, இறாலுங்கல்லாம் சேந்து மாநாடு கூட்டுதா?"ன்னேன். காலரச் சரி பண்ணிக்கிட்டார்.

நாடகம் முடிஞ்சு திரும்பினதும் கரைல எல்லாரும் எறங்கினாங்க. என் டிரங்குப் பெட்டியத் தூக்கிக் குடுக்கறப்ப, "மேடைல சொல்றியே பூவிழி, நெசமாவே கட்டிக்கிறியா?"ன்னார்.

இடுப்புல கை வச்சேன். "மேக்கப்பக் கலைச்சிட்டு வரேன். பாத்தா படகோட ஓடிருவீங்க!" கரையே சிரிச்சுது. அவர் மட்டும் பெட்டிய மெதுவா கீழ வச்சிட்டுப் போனார்.

பிப்ரவரி 10

திரௌபதி காலைல பல்லு கூட வெளக்காம வந்து திட்டினா. "படகு தள்ளறவரு இஸ்திரி சட்ட எதுக்குக்கா போடுவாரு? உனக்கு மூளை கீதா?"

இல்ல போல.

பிப்ரவரி 11

மேக்கப் இல்லாத மூஞ்சியக் கண்ணாடில பாத்தேன். அவ்ளோ மோசமில்ல.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாசிலாமணி வரல, அவர் தம்பிதான் படகு எடுத்துட்டு வந்தாரு. மேடைக்கு முன்னால மாசிலாமணி உக்கார்ற எடம் காலி. "அதோ!"ன்னு கைய நீட்டிட்டேன். வேற ஆம்பளயக் காட்ட மனசு வரல. தென்னமரத்தக் காட்டினேன். அதுக்கும் சிரிச்சாங்க.

அன்னைக்குக் கரைல அவர்கிட்ட ஏன் அப்டி சொன்னேன்? என் புருசன் வேணு காய்ச்சல்ல போயி பன்னெண்டு வருஷம். அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் நெசமா எதுவும் கேட்டதில்ல. திடீர்னு கேட்டா? அதுக்கு எனக்கு யார் வசனம் எழுதிக் குடுத்தாங்க?

பிப்ரவரி 19

அவரப் பாக்கப் போயிட்டேன். பவுடர் கூட போடல.

வலைய ஒதறிட்டிருந்தார். படகு வெளிம்புல உக்காந்தேன். நாலு கிண்டல் வாய் வரைக்கும் வந்துச்சு, நாலையும் முழுங்கினேன். அவர் ஓரக்கண்ணால பாத்தார். மறுபடி பாத்தார்.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

"அன்னைக்கு அப்டி சொன்னது தப்பு. எனக்கும் இஷ்டந்தான்"ன்னேன். "ஆனா நாடகத்த விட மாட்டேன்."

"உன்ன யாரு விடச் சொன்னா?" வலைய கீழ போட்டார். "இப்டி கம்முனு மட்டும் உக்காராத. பயமா கீது."

மார்ச் 2, ஞாயிறு

லைட்ஹவுஸ் குப்பத்துல நாடகம். நல்ல கூட்டம்.

"யாருன்னு கேக்கறீங்களா? அதோ!"

குனிவார்னு பாத்தா, மனுசன் எழுந்து நின்னு கையத் தூக்கிட்டார். அதே இஸ்திரி சட்ட. சனத்துக்கு சிரிக்கிறதா வேணாமான்னு தெரியல.

எனக்கு அடுத்த வசனமே மறந்துபோச்சு.