நாலு மூலையிலும் மஞ்சள்

திருத்தணி முருகன் துணை

அன்புள்ள மகன் ஹரிக்கு நைனா எழுதுவது. நகரியில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்கணும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இதோடு வருகிற பெட்டியை மட்டும் உடனே திறந்துவிடாதே, முதலில் இதைப் படித்துவிடுப்பா.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் சிநேகிதன் சந்துரு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வான், நாளைக்கு அவன் அங்கே திரும்புகிறான். போனில் சொல்லலாம் என்றால் போன் எப்போதும் அம்மா கையில், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், இது அவள் காதில் விழவே கூடாது. வேலை போய்விட்டது, அடுத்தது கிடைக்கிறவரை நீ சேர்த்துவைத்திருந்த அந்த விளையாட்டுக்காரன் பட அட்டையை விற்றுத்தான் தாக்குப்பிடிக்கணும் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா பீரோவில் நீ வைத்துவிட்டுப் போனதை எடுத்து நீ சொன்னபடியே பார்த்தேன். கூடைப்பந்து ஆடுகிற பையன் படம், ஓரத்தில் முதல் வருஷத்து அட்டை என்பதற்கு அடையாளமாக ஆர்.சி. என்று இரண்டு எழுத்து, பின்னால் அவன் முதன்முதலாக ஆட வந்த வருஷம், எல்லாம் சரியாக இருந்தது. வண்டிக்குத்தான் ஆர்.சி. உண்டு என்று இருந்தவன் நான், இப்படி ஒரு அட்டைக்குச் சேர்த்துவைக்கிறவர்களிடம் இவ்வளவு கிராக்கியா என்று வாயைப் பிளந்துவிட்டேன். நாலு மூலையும் மழுங்காமல் வெள்ளை தெரியாமல் இருந்தால்தான் விலை என்றாயே, கண்ணாடி போட்டுப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. அதற்குள் நின்றிருந்த கரண்ட் வந்துவிட்டது, அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் திரும்பப் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு விசைத்தறிப் பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தால் அது சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல நாலு மூலையிலும் மஞ்சள். ஐயோ முருகா, எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா சிரித்துக்கொண்டே, "நாலு மூல, நாலு மூலன்னு புள்ள போன்ல சொல்லிக்கினே இருந்தானே, வெறும் மூலையாவா அனுப்புவே? மங்களமா போவட்டும், நல்ல வெலைக்குப் போவும்" என்றாள். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, உனக்காக ஒன்றும் துன்னாமல் இருந்து வைத்த மஞ்சள். நன்றாக இருக்கிறது ஜெயம்மா என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல. அவள் கோயிலுக்குக் கிளம்பியதும் ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை, அட்டை நைந்து பிசிறு வந்துவிட்டது. மற்ற மூன்றையும் தொடவில்லை. அங்கே இதெல்லாம் தெரிந்தவர்கள் இருந்தால் காட்டிப் பார். பிசிறு வந்த மூலை நான் செய்தது, அம்மா செய்ததில்லை, திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

அட்டை போனால் போகட்டும், உன்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. போன வாரம் உன் குரலே சரியில்லை, நான் கேட்டதற்கெல்லாம் உம் உம் என்றாய். இதையும் பார்த்துவிட்டு மனம் விட்டுப்போய் ரூமுக்குள்ளேயே கிடப்பாயோ என்று தூக்கம் வரவில்லை. சந்துருவிடம் இரண்டு நாள் உன்கூடவே தங்கச் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலையில்லாமல் ஊருக்கு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைக்காதே, அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட்டுக்கு வழி இருக்கிறது, வரணும் என்று தோன்றினால் வந்துவிடு.

சந்துரு வருவது தெரிகிறது. முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீ நூறு வயசு நன்றாக இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அம்மா முதலில் மஞ்சளைப் பார்த்தாயா என்றுதான் கேட்பாள். பார்த்தேம்மா என்று சொல்லு, அது பொய்யில்லையே. அதை மட்டும் கொஞ்சம் சிரித்த குரலில் சொல்லிவிடுப்பா, பக்கத்தில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் நைனா,
வேங்கடாசலம்